நாற்பத்திரண்டு கக்கூஸ், நாற்பத்திரண்டு காலிக் குடம்

கக்கூஸ் கட்டும் திட்டத்துக்கு டெல்லி ஐந்தே வருடத்தில் மூன்று பெயர் வைத்தது. நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து ஊருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊராட்சியும் ஒவ்வொரு தடவையும் உடனே திருந்தியது: செயலர் சக்கரபாணி ஆபீஸ் சுவரில் பழைய பெயர் மேல் வெள்ளையடித்துப் புதுப் பெயரை எழுத வைப்பார். காலனியின் நாற்பத்திரண்டு கக்கூஸும் அப்படியேதான் நின்றன. தண்ணீர்க் குழாய் எந்தப் பெயரிலும் வரவில்லை.

2011இல் தலைவரான செங்கமலம் கேட்டது அந்தக் குழாய் ஒன்றைத்தான். மனு கொடுத்துக் கொடுத்து, ஒன்றிய ஆபீஸ் பியூன் அவரை ‘அக்கா’ என்று கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார்.

2016இல் புது உத்தரவு. ஒவ்வொரு கக்கூஸ் முன்னாலும் வீட்டுக்காரரை நிறுத்திப் படமெடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். சுதந்திர தின கிராம சபையில், ‘இங்கே திறந்தவெளிக்கு யாரும் போவதில்லை’ என்று தீர்மானம் போட வேண்டும்.

சக்கரபாணி செல்போனோடு போனார். வாசலுக்கு வாசல் ஒரு பெண், கையில் கவிழ்த்துப் பிடித்த காலிக் குடம்.

“ஏம்மா, குடத்தைக் கீழ வையுங்க!”

“தண்ணி இல்லாம கக்கூசுக்கு எப்படிங்க போறது? உங்க வூட்டுல போறாங்களா?” என்றாள் சாமியம்மாள்.

தூண்டிவிட்டது தலைவர்தான். நாற்பத்திரண்டு படமும் ஏறிவிட்டன. செல்போன் இடத்தைச் சரிபார்க்கும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காது. அந்த வகையில் நல்ல அதிகாரி.

கிராம சபைக்கு வந்த ஒன்றிய அதிகாரி தீர்மானத்தை டைப் அடித்தே கொண்டுவந்தார்.

“கையெழுத்து போடும்மா. உங்க ஊர் ஒண்ணுதான் பாக்கி.”

“ஊரே ஏரிக்கரைக்குப் போய்க்கினு இருக்குதுங்க. இல்லன்னு எப்படி எழுதறது?”

“டெல்லி உத்தரவு. பதவிக்கே வேட்டு வெச்சிடுவாங்க.”

“பன்னெண்டு வருசம் மைன்ஸ்ல கான்ட்ராக்டுல கூட்டினேங்க. நாளைக்கு வேலை இருக்குமா தெரியாமதான் தெனமும் போவேன். பர்மனென்ட்ல இருக்கிற நீங்கதான் பயப்படணும்.”

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, பர்மனென்ட்.

செங்கமலம் தீர்மானப் புத்தகத்தைச் செயலர் முன் தள்ளினார். “எழுதுங்க. காலனிக்குத் தண்ணி வர்ற அன்னிக்கு இந்தச் சபை தீர்மானம் போடும். அதுவரைக்கும் போடாது.”

சக்கரபாணி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஜீப்பைப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் சக்கரபாணியைப் பார்த்தார்கள்.

எழுதினார். செங்கமலம் முதல் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் வரிசை, பந்தலைத் தாண்டி ரோடு வரை நின்றது.