மூத்தார் வாங்கப் போன பாய்

இன்று ஏம்பலத்தில் ஒரு காதுகுத்து விருந்தில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

காரணம், என் மூத்தாரின் மகன். (மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். இப்போது இல்லை. என் கோபம் இருக்கிறது.)

மைக் பிடித்துச் சொல்கிறான், "அந்தக் காலத்துல மூச்சு மிஷினா இருந்துச்சி? பாம்பு கடிச்ச எங்க சித்தப்பாவ எங்கப்பாதான் கூடவே நின்னு காப்பாத்துனாரு."

கூடவே நின்றாராம்.

எழுபதுகளின் கடைசி. கரியமாணிக்கத்தில் கரும்பு வெட்டும்போது என் வீட்டுக்காரரை நல்லபாம்பு கடித்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இமை தொங்கி, பேச்சு நின்று, மூச்சும் அடங்கத் தொடங்கியது. விஷமுறிவு ஊசி போட்டார்கள்.

மூச்சு மிஷின் இருந்தது. ஒன்றே ஒன்று. அதில் வில்லியனூர் துணிக்கடைக்காரரின் மகள் படுத்திருந்தாள்.

நர்சம்மா இவர் தொண்டையில் இறக்கிய குழாயில் ரப்பர் பை ஒன்றை மாட்டி என் கையில் கொடுத்தார்.

"இத அமுக்குனா அவருக்கு மூச்சு. வுட்டா இல்ல. ஊசி வேல செய்யிற வரைக்கும் நீதான் மிஷின்."

அமுக்கினேன். கை தானாக மாடு கறக்கும் வேகத்துக்குப் போய்விட்டது.

"இன்னாம்மா, பால் கறக்கிறியா? நீ ஒரு மூச்சு வுட்டா அவருக்கு ஒரு அமுக்கு. அவ்ளோதான்."

அதிலிருந்து என் மூச்சை அளந்து அவருக்குக் கொடுத்தேன். ஒரு கை மரத்தால் மறு கை. இரண்டும் மரத்தபோது நர்சம்மா வாங்கினார். அவர் இல்லாத நேரத்தில், அந்த மிஷின் பெண்ணின் அம்மா ரஹீமா அக்கா வந்தார்.

"குடு தங்கச்சி. நீ போயி தண்ணி குடி."

மூத்தார் வந்தது மறுநாள் காலையில். தம்பியின் மூடிய கண்ணைப் பார்த்தார்.

"முடிஞ்சி போச்சிம்மா. வெளிய உசுரு போனா பொணத்த வூட்டுக்குள்ள வைக்க முடியாது. இருக்கறப்பவே எட்துகினு போயிடலாம். நான் சுருட்டித் தூக்க பாய் ஒண்ணு வாங்கியாறேன். நீ பையக் கழட்டச் சொல்லு."

"கழட்டுனாதான் மாமா உசுரு போவும்."

"பெரியவன் சொல்றேன், கேளு."

"நான் மிஷின் மாமா. மிஷினுக்குக் காது இல்ல."

பாய் வாங்கப் போனவர் அன்று திரும்பவில்லை.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூத்தார் பன்னும் டீயுமாக வந்து நின்றார். விஷம் உடம்பைக் கட்டியதே தவிர காதைக் கட்டவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கம்மிய குரலில் கேட்டார்.

"ணா, பாய் வாங்கிட்டியா?"

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் கரும்பு வெட்டினார். ரஹீமா அக்காவின் மகளும் பிழைத்தாள். அவள் மிஷினில், இவர் என் கையில். கை ஓயும், மிஷின் ஓயாது. அதனால் அந்தக் காலத்தில் மிஷினே தேவைப்படவில்லை என்று என்னிடம் யாரும் பெருமை பேச வேண்டாம்.

உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எத்தனை இருக்கிறது? போய்க் கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

இன்று நான் எச்சில் கையோடு போய் மைக்கை வாங்கினேன். ஒரே ஒரு கேள்விதான்.

"டேய், பாய் வாங்கப் போன உங்கப்பன் வந்தாரு. பாய் இன்னும் வர்லியேடா, இன்னா ஆச்சி?"