நோகும் உயிர்

என் வீட்டுக்காரி ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகக் கூண்டு பார்க்கிறவள். எலி, முயல், தவளை எல்லாவற்றுக்கும் தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் அவள் வேலை. படிப்பு எட்டாவது. கோபம் மூக்கு நுனியில். நான் தையல்கடைக்காரன். என் அளவு நாடாவைவிட அவள் நாக்கு நீளம் என்று சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவள் இரண்டு நாள் லீவில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் ஓர் அறைக்குத்தான் கொடுக்க முடியும். எந்த அறைக்கு என்று மாற்றாளாக வந்தவர் ஆய்வுக்கூடப் பதிவேட்டைப் பார்த்தார். பாசிக்கும் பூஞ்சைக்கும் முயலுக்கும் நேராக ஒரே சொல்: 'உயிருள்ள மாதிரி', அதாவது ஆய்வுக்கு வைத்திருக்கும் உயிர். வரிசையில் முதலில் இருந்தது பாசி அறை. அதற்குக் கொடுத்துவிட்டார். அடைத்த அறையின் வெக்கையில் நான்கு முயல்கள் செத்துப்போயின. அந்த மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை.

திரும்பி வந்தவள் விஷயத்தைக் கேட்டாள். பதிவேட்டை எடுத்தாள். எலி, முயல், தவளை வரிகளில் எல்லாம் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'நோகும் உயிர்' என்று எழுதினாள். முப்பத்தாறு பக்கம்! பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் வேலைக்கே உலை என்பது எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? மெமோ வந்தது. விசாரணை அன்று கடையைப் பூட்டிவிட்டுத் துறைத் தலைவர் அறை வாசலில் உட்கார்ந்தேன்.  கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"யாரைக் கேட்டும்மா எழுதினீங்க?" என்றார் தலைவர்.

"யாரையும் கேக்கல சார். முயலைக் கேட்டிருக்கலாம், அதுக்குப் பேச வராது."

சரி, போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"உயிருள்ளதுன்னு இருந்ததுல என்ன தப்பு?"

"பாசிக்கும் உயிர் இருக்கு சார். ஆனா கிள்ளினா அதுக்கு நோகாது. இதுங்களுக்கு நோகும்."

"அப்போ வலின்னு எழுதியிருக்கலாமே?"

"வலி உடம்போட போச்சு. நோகுறது மனசுக்கும்தான். ஜோடியைப் பிரிச்சா முயல் மூணு நாள் தின்னாமக் கிடக்கும். உடம்புல ஒரு கீறல் இருக்காது. வேணும்னா வந்து பாருங்க."

தலைவர் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர். பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இதுக்கு உங்களை வேலையை விட்டே அனுப்பலாம், தெரியுமில்ல?"

"தெரியும் சார். அனுப்புறதுன்னா அனுப்புங்க. அடுத்து வர்றவங்களுக்கு இதை மட்டும் சொல்லிடுங்க."

இவளுக்கா நான் புருஷன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலை போகவில்லை. ஒரு வாரம் கழித்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. 'உயிருள்ள மாதிரிகளின் பதிவேட்டில் அனுமதியின்றித் திருத்தம் செய்தமை கண்டிக்கப்படுகிறது' என்று டைப் அடித்திருந்தார்கள். அதில் முதல் இரண்டு சொற்களைத் தலைவர் தம் கையாலேயே சிவப்பு மையில் அடித்து, மேலே 'நோகும் உயிர்களின்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கண்டிச்சு அனுப்பியிருக்காங்க, உனக்கென்ன இளிப்பு?" என்று அவள் சீறினாள்.

அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அளவு கொடுக்க வருகிற எவரும் அதைப் படிக்காமல் தப்ப முடியாது.