மேட்டு வீட்டில் இன்னொரு பிரதி

ஆற்றங்கரை ஊரான லிஸ்மோரின் ரக்பி சங்கத்து நாற்பது வருடப் புகைப்படங்கள் டெஸ்ஸின் வீட்டு சர்வர் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வாடகை கட்டி ஏதோ கம்பெனியின் கிளவுடில் வைக்க அவருக்கு மனமில்லை. ஆனால் ஆறு பொங்கினால் வீட்டோடு சர்வரும் முழுகும். இன்னொரு பிரதியை மேட்டில் வைக்கவேண்டும். மேட்டில் குடியிருப்பவளோ, ஐந்து வருடமாகப் பேசாத மச்சினி கோரல். சேற்றில் அவள் குப்புற விழுந்த படத்தை டெஸ் சங்கத்துச் சுவரில் மாட்டியதில் வந்த சண்டை.

படங்களை ஏற்றிய இரண்டாவது சர்வரோடு அவள் வாசலில் போய் நின்றார்.

"எல்லாரையும் மாதிரி கம்பெனிக்காரன்கிட்ட குடுத்தா என்ன மச்சான்?"

"அவன் அழிச்சிட்டேன்னு சொன்னா நம்பித்தான் ஆகணும். இதுல நானே அழிக்கலாம்."

"அப்படியா? என் படத்தை அழிங்க, பாப்போம்."

டெஸ் சர்வரை லேப்டாப்பில் இணைத்து, அவள் கண்ணெதிரே அதிலிருந்து அழித்தார்.

"ஃப்ரிட்ஜ் மேல வைங்க. உங்க வீட்டுல இருக்கறதையும் அழிச்சிட்டு வந்தாதான் பிளக்கைச் சொருகுவேன்."