பூட்டு வெளியே, அக்கா உள்ளே

குமுதவல்லி அக்கா ஓர் இடத்தில் இருக்கிற ஆளே இல்லை. மலேசியாவில், ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்கான உதிரிப்பழம் பொறுக்கிய காலத்தில் அவருக்கு ஈடுகொடுக்க எங்களால் முடியாது. சர்க்கரை நோயில் வலது கால் போன பிறகும் அந்தச் சுபாவம் போகவில்லை. சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைவார். வேறு எங்கே அலைய? கிரில் கதவு வெளியே பூட்டியிருக்கும்.

பூட்டுவது தம்பி சுகுமாறன். அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. தங்கமான பிள்ளைதான். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் திருடன் புகுந்ததிலிருந்து, அக்காவை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறிவிடுவான். எதிர்வீட்டிலிருந்து பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தம்பி, தீப்பிடிச்சா நான் எப்படிடா வெளிய வருவேன்?"

"போன் இருக்குலா அக்கா. அடிச்சா பறந்து வந்துருவேன்."

செனாவாங்கிலிருந்து பறப்பானாம்!

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது குப்பை எரித்தாலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிரில் ஓரம் வந்துவிடுவார். மாத்திரை, ஊசி, அடையாள அட்டை எல்லாம் ஒரு பையில் நாற்காலியிலேயே தொங்கும்.

"எல்லாம் ரெடி மோகனா, கதவுதான் ரெடியில்ல" என்பார் என்னிடம்.

போன மாதம் ஒரு காலையில், ஆளில்லாத பக்கத்து வீட்டில் வயர் கருகித் திரைச்சீலையில் தீப்பிடித்தது. லயத்துக்கெல்லாம் ஒரே கூரை. புகை அக்கா வீட்டுக்குள் இறங்கிவிட்டது. நான் ஓடினேன். அக்கா தம்பிக்குப் போன் அடித்துவிட்டு, கிரிலைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார். பூட்டைக் கல்லால் அடித்தேன், அசையவில்லை. கத்திக் கூப்பாடு போட்டேன். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்து இரும்பு வெட்டும் கத்தரியோடு வந்து பூட்டை அறுத்தார். நாற்காலியை இழுத்து வெளியே கொண்டுவந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

சுகுமாறன் வந்து சேர்ந்தபோது லயத்து ஆட்கள் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்திருந்தார்கள். அறுந்த பூட்டு தரையில் கிடந்தது. அவன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எதைத் திறக்க வந்த?" என்று கேட்டார் அக்கா.

அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

இப்போது பூட்டு உள்பக்கம், நாற்காலியிலிருந்து கை எட்டும் உயரத்தில். ஒரு சாவி அக்கா கழுத்துக் கயிற்றில், இன்னொன்று என் வீட்டில். காலையில் சுகுமாறன் ஹெல்மெட்டோடு கிரிலுக்கு உள்ளே நின்று தவிப்பான்.

"அக்கா, தொறந்து விடுங்கலா, நேரமாச்சு!"

"இருடா, வரேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும். அந்த நேரத்தில் மட்டும் அக்காவுக்கு அவசரமே கிடையாது.