ரஸ்ஸல் பாக்ஷாவின் காலிப் பக்கம்

ரஸ்ஸல் பாக்ஷாவுக்கு எழுத வராது என்று ஆல்டர்விக்கில் யாரும் சொல்ல முடியாது. இருபத்தேழு வருடமாக அந்த ஊர் லேபர் கட்சிக் கிளையின் துண்டறிக்கைகள் அத்தனையும் அவர் எழுதியவைதான். எழுதுவதோடு விடமாட்டார், கொண்டுபோய்ப் போடுவதும் அவரேதான். தொழில் தபால்காரர். காலையில் சம்பளத்துக்குக் கடிதம் போட்ட அதே வீடுகளில், மாலையில் சம்பளமில்லாமல் துண்டறிக்கை போடுவார். எந்த வீட்டு நாய் விரலைப் பதம் பார்க்கும், எந்த வீட்டுக்காரர் வாசிக்காமலே குப்பையில் போடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாவது வயதில், மாலை வகுப்பில் சேர்ந்து பல்கலைக்கழகம் போவதற்கான ஏ-லெவல் தேர்வை அரசியல் பாடத்தில் எழுதினார். தேறினாலும் வந்தது டி தரம்தான். கட்சியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவருக்கு அரசியலில் டி என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. மனைவி ஜனீன்தான் முதலில் சிரித்தாள்.

அவருடைய டீச்சர் பெத்தன் சிரிக்கவில்லை. முப்பது வயதுகூட ஆகாத வேல்ஸ்காரப் பெண், மனதில் பட்டதை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்பவள்.

"ரஸ்ஸல், நீங்க எழுதினது கட்டுரை இல்ல. நோட்டீஸ்."

"நோட்டீஸ்னா என்ன டீச்சர் கேவலமா?"

"நோட்டீஸுக்கு மார்க் போட மாட்டாங்களே."

அதோடு போயிருந்தால் ரஸ்ஸலும் மறந்திருப்பார். ஆனால் அவருடைய இடது முழங்கால் மறக்கவிடவில்லை. மாடிப்படி ஏறினாலே நெறுநெறுவென்றது. அடுத்த செப்டம்பருக்கு மேல் பை தூக்கி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெர்பியில் பல்கலைக்கழகம் அவருக்கு ஓர் இடம் தந்திருந்தது, அரசியல் பாடத்தில் பி வாங்கினால் என்ற நிபந்தனையோடு. இன்னும் ஒரே ஒரு வருடம் காத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தையும் அவரேதான் தன் வீட்டுக் கதவில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை பி வரவில்லையென்றால் தபால் பிரிக்கும் கூடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஓய்வு வயதுவரை உறைகளைத் தரம் பிரிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு வகுப்பிலும் பெத்தன் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "எழுதறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் திட்டம் போடுங்க. தாள் நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆமாம்ங்கறவங்க, அந்தப் பக்கம் இல்லைங்கறவங்க. அடியில உங்க தீர்ப்பு. தீர்ப்பு தெரியாம முதல் வரிய எழுதாதீங்க. முதல் வரியில சொன்னதத்தான் கடைசி வரியிலயும் சொல்லணும். முக்கியமா, எதிராளியோட வாதத்த எதிராளியே படிச்சாலும் ‘ஆமாப்பா, இதத்தான் சொன்னேன்’னு தலையாட்டணும்."

ரஸ்ஸல் கோடு போடுவார். தன் கட்சி சொல்லும் பக்கம் மளமளவென்று நிரம்பும். இடம் போதாமல் ஓரத்தில் ஏறும், தாளைத் திருப்பிக்கூட எழுதுவார். எதிர்ப்பக்கத்துக்கு வந்ததும் பேனா படுத்துவிடும். நியமனப் பிரபுக்கள் உட்காரும் மேல்சபையை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவர் எதிர்ப்பக்கத்தில் எழுதியது ஒரே வரி: ‘பிரபுக்களுக்கு இது பிடிக்காது.’ அதன் பக்கத்தில் பெத்தன் சிவப்பு மையில் கேட்டிருந்தாள்: ‘இது வாதமா, வசவா?’

மே மாதம் முதல் வியாழக்கிழமை உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் வாக்குச்சாவடி. அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டுப் போட்டு வருகிறவர்களின் வரிசை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது ரஸ்ஸலின் வேலை. யார் இன்னும் வரவில்லை என்று தெரிந்தால்தானே மாலையில் போய்க் கதவைத் தட்ட முடியும். பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சியான டோரிக்காக அதே வேலையைச் செய்பவர் ரோசலிண்ட் ட்விக் என்ற அம்மாள். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்து, விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். அவர் கோட்டில் கட்சி நிறமான நீலத்தில் துணிப்பூ, இவர் கோட்டில் சிவப்பு. பத்தொன்பது வருடமாக இருவரும் இப்படித்தான், ஒரே ஃபிளாஸ்க் தேநீர், ஒரே பிஸ்கட் பொட்டலம். ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போனால் மற்றவர் இருவருக்குமாகச் சேர்த்து எண் குறிப்பார். அதில் ஓர் எண் தவறியதாக இதுவரை பேச்சு வந்ததில்லை. மேடையில் ஒருவரையொருவர் கண்ணில் விரலை விட்டு ஆட்டும் தலைவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

அன்று ரஸ்ஸல் கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது ரோசலிண்ட் கையில் ஒரு தாள் இருந்தது. எண் குறிக்கும் அட்டைக்கு அடியில் அவர் செருகி வைத்திருந்த கட்டுரைத் திட்டம்.

"என்ன ரஸ்ஸல் இது? கட்சிகளுக்கு அரசாங்கம் பணம் குடுக்கணுமான்னு கேள்வி. உன் பக்கத்துல எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எங்க பக்கத்துல ஒரே வரி, ‘பணக்காரங்களுக்குக் கட்சிய விலைக்கு வாங்கணும்.’ நான் யாரய்யா விலைக்கு வாங்கினேன்? போன மாசம் கட்சி நிதிக்கு உங்கிட்ட ராஃபிள் பரிசு டிக்கெட் வித்தேன், அவ்வளவுதான்."

"அந்த டிக்கெட்டுக்கு ஒரு மண்ணும் விழல."

"பேச்ச மாத்தாத."

ரஸ்ஸலுக்கு வெட்கமாகிவிட்டது. டி வாங்கியது, முழங்கால், முக்காலி எல்லாவற்றையும் சொன்னார். ரோசலிண்ட் நடுநடுவே எண்களைக் குறித்துக்கொண்டே கேட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. எதிர்ப்பக்கத்த நான் சொல்றேன். ஆனா எழுதறது நீ. நான் படிச்சுக் கையெழுத்துப் போடற மாதிரி இல்லேன்னா திரும்ப எழுதணும்."

அப்படித்தான் நான்கு சனிக்கிழமைகள் ரஸ்ஸல் பாக்ஷா, தோட்டத்தில் நீலப் பலகை நட்டிருந்த வீட்டுக்குள் போய் வந்தார். முதல் நாள் பலகையைப் பார்த்ததும் கால் தானாகப் பின்வாசலுக்குத் திரும்பியது. ஆனாலும் ஆல்டர்விக்கில் பின்வாசலுக்கும் கண் உண்டு. அடுத்த வாரமே ஜனீன் பிடித்துக்கொண்டாள்.

"கெவின் போன் பண்ணாரு." கெவின் கட்சிக் கிளையின் தலைவர். "நீ ரோசலிண்ட் வீட்டுக்குப் போறியாமே?"

"படிக்கப் போறேன்."

"நானும் அதத்தான் சொன்னேன். அவரு நம்பல. வேற எந்தப் பொம்பளை வீடா இருந்தாலும் கிளைக் கூட்டத்துல மன்னிச்சு விட்டிருப்பாங்க. டோரி வீடு! உன்ன யாரு காப்பாத்துவா?" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரோசலிண்டின் சமையலறை மேசையில் ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒருபுறம், தாள்கள் ஒருபுறம். அந்த அம்மாள் லேசில் கையெழுத்துப் போடவில்லை. "இத நான் சொல்ல மாட்டேன்" என்று தாளைத் தள்ளுவார். "நான் முட்டாளா இருந்தா சொல்லியிருப்பேன்" என்பார். மேல்சபைக் கேள்விக்கு ஆறு தடவை எழுதி ஏழாவது தடவைதான் கையெழுத்து விழுந்தது. பிரதமருக்கு அதிகாரம் அதிகமா என்ற கேள்வி மூன்றோடு முடிந்தது.

கடைசிச் சனிக்கிழமை மறுபடியும் அந்தப் பணக் கேள்வி. ரஸ்ஸல் தன் பக்கத்தை ஒரு மூச்சாகக் கொட்டினார். பெரிய பணக்காரர்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கும் பணத்துக்குப் பின்னால் ஒரு கை நீளுகிறது, அரசாங்கமே கொடுத்துவிட்டால் அந்தக் கை அறுந்துபோகும் என்றார். பதினோரு வருடத்துக்கு முன் இதைக் கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றியவரே அவர்தான்.

ரோசலிண்ட் ரொட்டியை வைத்துவிட்டுக் கேட்டார். "சரி. அரசாங்கம் மாசம் பொறந்தா பணம் போட்டுடுது. அப்புறம் உன் கட்சிக்கு ராஃபிள் எதுக்கு? பழைய துணி விக்கற சந்தை எதுக்கு? சந்தா குடுக்கற உறுப்பினர் எதுக்கு? நோட்டீஸ் போடக் கூலிக்கு ஆள் வெச்சுக்கலாமே. மழையில நாற்காலி போட்டு உக்கார நீ எதுக்கு, நான் எதுக்கு? இப்ப லண்டன்ல இருக்கற கட்சித் தலைவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நமக்கு நன்றின்னு கடுதாசி போடறானே, ஏன்? நாம இல்லேன்னா அவனுக்குப் பொழப்பு ஓடாது. பணம் மேலேருந்து வந்துட்டா அவன் கீழ பாக்க மாட்டான் ரஸ்ஸல்."

ரஸ்ஸல் தன் பக்கத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பேனாவை எடுத்து எதிர்ப்பக்கத்தில் எழுதினார். ஒரே தடவையில் கையெழுத்து விழுந்தது. திரும்பும்போது பின்வாசல் ஞாபகமே வரவில்லை, நீலப் பலகையைத் தாண்டி முன்வாசல் வழியாகவே நடந்தார்.

ஜூன் மாதம் தேர்வு. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, சின்ன மேசைக்கு அடியில் முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நடைபாதையில் நீட்டியபடி உட்கார்ந்தார். வினாத்தாளில் அதே கேள்வி. ஐந்து நிமிடத் திட்டம், நடுவில் கோடு. இரண்டு பக்கமும் நிரம்பின. பேனாவை எடுத்தார், எழுதினார்.

முப்பது நிமிடம் கழித்து நிமிர்ந்தபோதுதான் அவருக்குத் திக்கென்றது. திட்டத்தின் அடியில் தீர்ப்புக்கான இடத்தை நிரப்ப மறந்திருந்தார். முதல் பத்தியில், அரசாங்கம்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று முழங்கியிருந்தது அவருடைய கை. பதினோரு வருடத்துக்கு முந்தைய தீர்மானம், ஒரு சொல் மாறாமல். அதற்குக் கீழே இரண்டரைப் பக்கம், ஒவ்வொரு பத்தியிலும் ஜெயித்துக்கொண்டிருந்தது ரோசலிண்ட். வாசலில் லேபர் கொடி, உள்ளே நீலக் கூட்டம். இப்படியே விட்டால் இன்னொரு டி நிச்சயம்.

பத்து நிமிடம் மிச்சம். ஒன்று முதல் பத்தியை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வந்ததையெல்லாம் அடிக்க வேண்டும். பின்னதற்கு நேரமில்லை. உண்மையைச் சொன்னால், நேரம் இருந்திருந்தாலும் மனம் வந்திருக்காது. அவர் அந்த வாதத்தை நம்பினார். ஆனால் தன் கட்சி சொன்னதற்கு எதிராக அதுவரை அவர் ஒரு வரி எழுதியதில்லை. யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் திரும்பிக்கூடப் பார்த்தார். கெவினா வரப்போகிறார்? தேர்வுக் கண்காணிப்பாளர்தான் ஜன்னலோரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ரஸ்ஸல் முதல் பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் புதிதாக நான்கு வரி எழுதி, அதையே கடைசியிலும் எழுதி முடித்தார்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பி.

ஜனீன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு வழக்கம்போல் சிரித்தாள். அவர் நேரே ரோசலிண்ட் வீட்டுக்குப் போய் முன்கதவைத் தட்டினார்.

"பி வந்துடுச்சு. அந்தப் பணக் கேள்விதான் வந்தது. உங்க பக்கத்துக்குத்தான் தீர்ப்பு எழுதினேன்."

ரோசலிண்ட் சொன்னார், "முப்பது வருஷமா வீடு வீடாப் போயிருக்கேன் ரஸ்ஸல். என் பேச்சக் கேட்டு மனசு மாறின ஒரே ஆளு நீதான். அதுவும் ஓட்டுச் சீட்டே இல்லாத இடத்துல."

"ஓட்டு என் கட்சிக்குத்தான்."

"அது தெரியாதா எனக்கு? உள்ள வா, டீ போடறேன்."

அடுத்த மே மாதம் மாவட்டத் தேர்தல். இங்கே தேர்தல் என்றால் வியாழக்கிழமைதான், ரஸ்ஸலின் பல்கலைக்கழக வகுப்பும் வியாழக்கிழமைதான். அன்று அவர் எழுந்து நின்று பேச வேண்டிய முறை, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பன்னிரண்டு மணி பேருந்தைப் பிடித்தாக வேண்டும். மாற்றாள் அனுப்புவதாகச் சொன்ன கெவின் பதினொன்றரைக்குப் போன் செய்து, வருவதாக இருந்தவருக்குக் காய்ச்சல், வேறு யாரும் அகப்படவில்லை என்றார். ரஸ்ஸல் நாற்காலியில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார். நாற்காலியைக் காலியாக விட்டுப் போனால், தொண்டர் இல்லாமல் கட்சி இல்லை என்று அவர் எழுதிய கட்டுரைக்கு என்ன மரியாதை?

"போய்த் தொலை" என்றார் ரோசலிண்ட், கையை நீட்டி. "அட்டையக் குடு."

"ஏழு மணி நேரம். கழிப்பறைக்குப் போற மாதிரி இல்ல இது."

"அட்டையக் குடுய்யா. பஸ் போயிடும்."

அவர் கொடுத்தார். கட்சிச் சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

மாலை ஏழுக்கு, வெளிச்சம் இன்னும் இருந்தபோது, டெர்பி பேருந்திலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டு வந்தார். ரோசலிண்ட் அவருடைய அட்டையை நீட்டினார். நண்பகலிலிருந்து அத்தனை எண்களும் வரிசையாக, கொட்டை கொட்டையான கையெழுத்தில் இருந்தன. பிறகு ரஸ்ஸலின் கண் ரோசலிண்டின் மடியில் இருந்த, அவர் கட்சியின் நீலச் சீட்டுக்குப் போனது. அதில் நாலு மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை.

"என்ன இது? உங்களுது காலியா இருக்கு?"

"பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டம் வந்துடுச்சு. ரெண்டு கையாலயும் எழுதவா முடியும்? உன்னுது விட்டுப் போச்சுன்னா அந்தக் கெவின் உன்ன உண்டு இல்லேன்னு பண்ணிடுவான். என்னுத அப்புறம் பாத்து எழுதிக்கலாம்னு விட்டேன். இப்ப கண்ணு எரியுது."

ரஸ்ஸல் சிவப்புத் துணிப்பூவைக் குத்திய கோட்டோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீலச் சீட்டை முழங்கால்மேல் வைத்து, தன் அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக எழுதத் தொடங்கினார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஓர் இளம்பெண் அவர் பூவையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எந்தக் கட்சி?"

ரஸ்ஸல் எண் தவறிவிடுமோ என்று தலை நிமிரவில்லை. ரோசலிண்ட்தான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவரத் தொந்தரவு பண்ணாதம்மா. எதிர்ப்பக்கம் எழுதிக்கிட்டிருக்காரு."