கூட்டம் நிற்கிற வண்டி

அஸ்ரப் நிஷாவுக்குக் கள்ளக்குறிச்சியை விட்டுப் போக மனமே இல்லை. ஆனால் புருஷன் முகம்மது கவுஸின் அரிசிக்கடை படுத்துவிட்டது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பலகார வண்டி போட்டிருந்த கொழுந்தன் ஜுனைத், கைக்கு ஆள் பற்றவில்லை, வாருங்கள் என்றான். போய்ப் பார்த்தால் ஆள் பற்றாமல் போகிற அளவுக்கு அங்கே ஒன்றும் விற்கவில்லை. அவன் போட்ட சமோசாவை ஈதான் மொய்த்தது.

அந்த ரம்ஜானில் வழக்கம்போல நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். அவள் பிறந்த வீட்டில் கஞ்சிக்கு அரிசி போடுவதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாமைதான். ஊரிலிருந்து வரும்போதே ஒரு மூட்டை கட்டி வந்திருந்தாள். நோன்பு திறந்தபின் மிஞ்சியதை ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்குச் சும்மா ஊற்றினாள். உள்ளே யாரையோ படுக்க வைத்துவிட்டுச் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்த சனங்கள். சூடு உள்ளே இறங்கியதும் கண்கலங்கியவர்கள் உண்டு.

பெருநாள் கழிந்தும் கஞ்சி எங்கே என்று தேடி வந்தார்கள். தர்மமாகக் கொடுத்ததை விலைக்கு ஊற்ற அவளுக்குக் கை கூசியது. கவுஸ் கேட்கவில்லை.

"ரம்ஜான்ல குடுத்தா நன்மை. மத்த மாசம் வித்தா வியாபாரம். இதுல இன்னா கூச்சம் உனக்கு?"

வண்டிக்குப் பின்னால் தட்டி மறைவில் நின்று காய்ச்சினாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அந்நியரிடம் வாய் திறக்கமாட்டாள். ஆனால் தட்டி இடுக்கு வழியாக எல்லாம் அவள் கண்ணில் பட்டது. ஆளில்லாத வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று பேர் நின்றால் நாலாமவரின் கால் தானாக நின்றுவிடும். ஜுனைதுக்கும் இது தெரியும். அண்டா நிறையக் கஞ்சி இருந்தாலும் மெதுவாகத்தான் ஊற்றுவான். கரண்டியைத் துடைப்பான், எதிரில் இருக்கும் புதினாவைத் தேடுவான். வரிசை சாலையைத் தொடும்வரை அவனுக்கு அவசரம் வராது. ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் பைக்கை ஓரம்கட்டினார்கள். எவனோ செல்போனில் படம் பிடித்துப் போட்டான். 'மலைச் சாமைக் கஞ்சி' என்று பலகை ஏறியது, பின்னால் மலையும் அருவியும் வரைந்து.

கூட்டம் பெருகப் பெருகச் சாமை கட்டுப்படியாகவில்லை. ஜுனைத் பாதி அரிசிக் குருணை கலக்கச் சொன்னான். பிறகு முக்கால். மழைக்காலம் வந்தபோது அண்டாவில் சாமை ஒரு மணிகூட இல்லை. பட்டையும் நெய்யும் தூக்கலாக விழுந்ததில் யார் நாக்குக்கும் தெரியவில்லை. முன்னைவிட ருசி என்றார்கள்.

எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் சுப்புராயன் சர்க்கரை நோயாளி. அரிசியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்ததால் வீட்டுச் சோற்றை விட்டுவிட்டு, சாமை என்று நம்பி இரண்டு வேளையும் இங்கேயே குடித்தார். ஒருநாள் அவர் கால் பெருவிரலில் கட்டு இருந்தது. அடுத்த வாரம் கட்டு பாதம்வரை ஏறியிருந்தது.

கவுஸிடம் சொன்னாள். ஊரில் எவன் கலக்காமல் விற்கிறான் என்றார் அவர். தம்பி பேச்சை மீற அவருக்குத் தெம்பில்லை. சுப்புராயனுக்கு மட்டும் தனியாகச் சாமை காய்ச்சட்டுமா என்று ஜுனைதிடம் கேட்டாள். ஒருத்தருக்குத் தனியாகக் காய்ச்சினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள் என்று முடித்துவிட்டான்.

மறுநாள் சுப்புராயன் கால் தாங்கித் தாங்கி வந்தபோது, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தட்டியைத் தாண்டி வந்தாள்.

"இது சாமை இல்லீங்க. அரிசிக் குருணை. நீங்க குடிக்காதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற? எவ்ளோ ஜனம் நின்னுக்கினு இருக்குது பாரு. காருல வந்து வாங்கிக்கினு போறாங்க. அத்தினி பேரும் மடையனுங்களா?"

"காய்ச்சறது நாந்தாங்க."

சுப்புராயன் சிரித்துவிட்டார். "தம்பி, உங்க அண்ணி இது சாமையே இல்லேங்குது!"

வரிசை மொத்தமும் திரும்பியது. ஜுனைத் கரண்டியை நிறுத்தவில்லை.

"அண்ணிக்கு ஊருக்குப் போவணுமாம் சார். கூட்டம் கம்மியானா அனுப்பறேன்னு சொன்னேன். அதான் உங்களயெல்லாம் தொரத்தப் பாக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் இரண்டு பேர் என்ன விசேஷம் என்று வந்து வரிசையில் நின்றார்கள். நின்றவர்களில் ஒருவர்கூட விலகவில்லை. சுப்புராயன் கிண்ணத்தை அவளிடமே நீட்டினார். அத்தனை கண்ணும் அவள்மேல் இருந்தது. ஊற்றினாள்.

அந்த வாரமே அவளைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். காய்ச்ச வேறு ஆள் வந்தாயிற்று. ருசி மாறிவிட்டதாக யாரும் சொல்லவில்லையாம்.

கவுஸ் அவ்வப்போது போன் செய்வார். ஒருநாள் குரலில் ஒரு பெருமை தெரிந்தது. சுப்புராயனுக்கு ஒரு பாதத்தையே வெட்டி எடுத்துவிட்டார்களாம், அதே ஆஸ்பத்திரியில்தான்.

"கண்ணு முழிச்சதும் நம்ம கஞ்சியத்தான் கேட்டாராம். வேற எதுவும் வேணாம்னுட்டாராம்."

"குடுத்தீங்களா?"

"குடுக்காம? ஜுனைதே எடுத்துக்கினு போனான். சர்க்கரைக்காரங்க வார்டு அது. அவரு குடிக்கறதப் பாத்து, இப்ப வார்டு முழுக்க நம்மகிட்டதான் வாங்குது."