யாழினி என்று ஒருத்தி இருந்தாள்

குழாய் ஒலிபெருக்கி 'கொய்ங்' என்று கத்தியதும் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சி வீறிட்டு அழுதாள். அவள் மேல் பவுடர் வாசனை, பக்கத்தில் நின்ற அப்பாவின் சட்டையில் போஸ்டர் ஒட்டிய மைதாப் பசையின் புளித்த வாசனை, இரண்டுக்கும் நடுவில் மூத்த பெண், ஒன்பது வயது நான். 1991ஆம் வருஷம், ஒரகடம் கூட்டுரோட்டில் கட்சிக் கூட்டம். "தலைவரு வாயால வெச்சாத்தான் பேரு" என்று அப்பா அடம்பிடித்ததால், பிறந்து மூன்று மாதமாகியும் அவள் வெறும் 'பாப்பா'தான். தலைவர் குழந்தையை வாங்கி மைக்கில் "யாழினி" என்றார், கூட்டம் கை தட்டியது, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெயரை எங்கள் ஊர் வடக்குப்பட்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. மறுநாளே தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், குழந்தையைப் பார்க்க அல்ல, பெயரைக் கேட்க. எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா, "இன்னாடி பேரு இது, யாயினியா? உங்கப்பனுக்கு வேற பேரே கெடைக்கலியா?" என்று சிரித்தாள். எங்கள் பக்கத்தில் பழமே 'பயம்'தானே, யாழ் மட்டும் எப்படித் தப்பும்! அப்பா விடவில்லை, வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நாக்கை மடிச்சிச் சொல்லு" என்று பாடம் எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அதட்டும்போது அப்பாவுக்கு ழ சுத்தமாக வரும். குழந்தையைக் கொஞ்சக் குனிந்தால் அவரும் "யாயினிக் கண்ணு" என்றுதான் குழைவார். அதைச் சொல்லிக்காட்டி நான் வாங்கிய குட்டுக்குக் கணக்கில்லை.

ஆடி மாதம் ஆவடியிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் ஒரே தங்கை, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் வயிறு திறக்காதவள். வந்தவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள், இறக்கவே இல்லை. மூன்றாம் நாள், "உனுக்கு மூணு பொண்ணு கீது. எனுக்கு இந்த ஒண்ண குடுண்ணா" என்று அப்பாவின் காலைப் பிடித்துவிட்டாள். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் உள்ளறையிலேயே கிடந்தாள். பிறகு அவளே குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மை வைத்து, அத்தை கையில் கொடுத்தாள். பெற்றவள் யார் என்று குழந்தைக்கு ஒருநாளும் தெரியக் கூடாது, பெயரும் மாறும், திவ்யா என்று. "யாயினின்னு ஊரே சிரிக்குது, எங்க வூட்டுக்காரரு வாயில நொழையவே இல்ல" என்றாள் அத்தை. எங்கள் எல்லோரையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணவைத்தார்கள். எனக்குக் கை சுட்டதைவிட, இனி அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான் தாங்க முடியாமல் போனது.

அவள் போன பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், ஆள் இல்லாத ஏரிக்கரையில் நின்று யாழினி, யாழினி என்று கத்துவேன். வீட்டுக்கு வந்தால் அவள் தூளி அவிழ்க்காமலே தொங்கும். அம்மாவும் அவிழ்க்கவில்லை, நாங்களும் அவிழ்க்கவில்லை.

இப்போது அந்தத் தெரு இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலையின் மதில் நிற்கிறது. நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவில் டவுனுக்குக் குடிவந்தோம். அப்பா போய்ச் சேர்ந்தார். அந்தப் பெயரைக் கோணல் வாயால் கொஞ்சிய ஜனமெல்லாம் திசைக்கொன்றாய்ப் போய்விட்டது. பெயர் மட்டும் பெருகிவிட்டது. ஷேர் ஆட்டோவில், பள்ளி வேனில், எங்கே போனாலும் யாராவது ஒரு தாய் யாழினியைக் கூப்பிடுகிறாள், அதுவும் அட்சர சுத்தமாக. யாயினி என்று சொல்ல ஒரு ஆளைக் காணோம். ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

போன பொங்கலுக்குத் திவ்யா கணவனோடு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி, "யாழினி, உள்ள வா" என்று மகளைக் கூப்பிட்டாள். திவ்யா எங்கள் அம்மாவைப் பார்த்து, "இன்னா அழகா கீது பேரு, இல்ல அத்தை? எனுக்கும் இந்த மாரி வெச்சிருக்கக் கூடாதா? ஊர்ல பாதிப் பேரு திவ்யா" என்றாள்.

நான் சோற்றில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்தேன்.

"அப்போ யாருக்கும்மா தெரியும் இந்தப் பேரெல்லாம்" என்று சொல்லி, அம்மா அவள் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.